இருநூறு ஹெர்ட்ஸ்

தோசைக்கல் அகலத்தில் ஒரு பலகை.
அதில் சட்டைப் பொத்தான் அளவில்
இருநூற்று ஐம்பத்தாறு ஒலிபெருக்கிகள்.
நமக்கு எதுவும் கேட்காது.
பீனியாவில் எங்கள் ஷட்டருக்கு வெளியே படுத்திருக்கும்
செவலை நாய்க்குக் கேட்கும்.
சுவிட்சைப் போட்டதும் ஒரு காது நிமிரும்.
பிறகு எழுந்து, வெல்டிங் கடைப் பக்கம் போய்விடும்.

பலகைக்கு ஒரு சாண் மேலே
உள்ளங்கையை நீட்டினால்
ஒன்றுமில்லாத இடத்தில்
ஒன்று தொடும்.
நொடிக்கு இருநூறு முறை
விட்டு விட்டுத் துடித்தால்தான்
தோல் அதை நம்பும்.

எதைப்போல இருந்தது என்று ஒரு படிவம் கொடுத்தார்கள்.
எறும்பு ஊர்வதுபோல என்று எழுதினாள் சௌபர்ணிகா.
சோடா மூக்கில் தெறிப்பதுபோல என்றான் இர்ஃபான்.
என் கட்டம் காலியாக இருக்கிறது.

பன்னேர்கட்டா சாலை ஆஸ்பத்திரி, நான்காம் மாடி.
இன்றைக்கு ஈரல்.
கழுவிய கைகளை மார்புக்கு நேராக ஏந்தி
முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் டாக்டர் பெள்ளியப்பா.
முன்பெல்லாம் ஸ்கேன் படங்கள் வாய்ச்சொல்லில் நகர்ந்தன.
அடுத்தது, அடுத்தது, ஐயோ, முந்தினது.
மவுஸ் பிடித்த ஜின்சி சிஸ்டருக்கு
அந்த ஐயோவில் பாதி எப்போதும் தன்னைச் சொல்வதாகவே பட்டது.
அப்புறம் கேமரா வந்தது.
காற்றில் கையசைத்தால் படம் நகரும், சமயத்தில் நகராது.
'ரிங் போகாத போனில் ஹலோ சொல்கிற மாதிரி இருக்கிறது' என்றார் டாக்டர்.
'கண்ணை வயிற்றிலிருந்து எடுக்க முடியாது.
சொல்வதைக் கையிலேயே சொல்.'

'ஆம்' சுலபம். உள்ளங்கை நடுவில் ஒரு தட்டு.
'புரியவில்லை'க்கு ஆறு வாரம் ஆனது.
பலமாகச் சொன்னால் கை திடுக்கிடும்.
அந்த அறையில் கை திடுக்கிடக் கூடாது.
கடைசியில், சுண்டுவிரல் ஓரமாக
ஒரு கோடு மெதுவாக வெளியே போகும்படி வைத்தோம்,
பிடித்திருந்த விரலை யாரோ விடுவதுபோல.

நீல விரிப்பைத் தொடாதே.
தட்டைத் தொடாதே.
உன் மூக்கையே தொடாதே.
எனக்குப் பழகிய பாஷை.
போன ஆவணியில் மல்லேஸ்வரத்தில் அறை பார்க்கப் போனேன்.
எந்த ஊர் என்றார் வீட்டுக்காரம்மா.
கோலார் தங்கவயல் என்றேன்.
அதில் எந்தப் பக்கம் என்றார்.
சொன்னேன்.
சாவியைக் கையில் தரவில்லை,
ஜன்னல் விளிம்பில் வைத்து, எடுத்துக்கோ என்றார்.
அதில் கிருமிக்கு வேலையில்லை.
தொடாமல் ஒன்றைத் தரும் தொழில்நுட்பம்
அங்கே ஏற்கனவே நன்றாக வேலை செய்கிறது.

பதினொன்று நாற்பது.
உறைமேல் உறை போட்ட கை, பலகைக்கு மேலே.
'இன்னும் ஸ்வல்ப' என்றார். கூட்டினேன்.
'சாகு.' நிறுத்தினேன்.
படம் திரும்பியது, கட்டிக்குப் பக்கத்திலேயே ரத்தக்குழாய்.
நடுவில் கிளாம்ப் கேட்க அவர் நீட்டிய இரண்டு விரல்களை
இயந்திரம் தன்னைக் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு
புரியவில்லை என்றது.
கை அரை நொடி நின்றது. திடுக்கிடவில்லை.
'உன்னை இல்லப்பா' என்றார் காற்றிடம்.
முகமூடிகளுக்கு மேலே ஆறு ஜோடிக் கண்கள் சிரித்தன.

முடிந்ததும் உறைகள் சிவப்பு வாளிக்குப் போயின.
யாரும் யாருக்கும் கைகொடுக்கவில்லை.
ஜின்சி சிஸ்டர் மட்டும் வந்து,
வெறும் கையைப் பலகைக்கு மேல் நீட்டினார்.
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.
'இதற்குக் கோபம் வராதில்லையா' என்று கேட்டார்.

மாரிக்குப்பம் ரயில்.
இடுப்பில் யாருடைய முழங்கையோ, காலில் யாருடைய டிபன் பையோ.
ஒயிட்ஃபீல்டில் ஏறிய கார்மெண்ட்ஸ் பெண்
மாலூர் தாண்டியதும் தூங்கி
என் தோளில் சாய்ந்துவிட்டாள்.
யார், எந்தப் பக்கம், அவளும் கேட்கவில்லை.
அவள் மூச்சில் தோள் ஏறி இறங்குகிறது,
நிச்சயமாக இருநூறு இல்லை.

படிவத்தை நாளைக்குள் தர வேண்டும்.
பேனா பையின் அடியில் இருக்கிறது.
எடுக்கக் கையை அசைத்தால்
எழுந்துவிடுவாள்.